நீந்தும் வேட்டைநாயின் மகன்

அத்தியாயம் ஏழு

“நாய்” என்றார் ஃபாதர் மக்னிஃப்.

ஜார்லத் சட்டென்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டான்.

“கீழே இல்லப்பா, பேர்ல. கின்னாவ்ங்கிற அந்தப் பேருக்குள்ள ஒரு நாய் படுத்திருக்கு. காலை இறக்கு.”

ஜார்லத் இறக்கினான். பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் லீட்ரிம் மாவட்டத்து நாய்களில் பாதி அவனை ருசி பார்த்திருந்தன. அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்ததற்கு நாய்களும் ஒரு காரணம் என்பான். இங்கேயும் விடவில்லை.

அவனுடைய பாஸ் கிராண்யா டோலன் சிரிக்கவில்லை. ஸ்லைகோ நகரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தும் அவளுக்கு நேற்று மாலையிலிருந்தே சிரிப்பு வரவில்லை.

“விளக்கமா சொல்லுங்க ஃபாதர்” என்றாள்.

எல்லாம் எத்னா கின்னாவ் அந்த மாடிப்படியேறி வந்த நாளில் தொடங்கியது. ஆலன் ஏரிக்கரையில் தனியாகப் பண்ணை பார்த்துக்கொள்பவள். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போன அண்ணன் ஃபெலிம், முப்பது வருஷம் கழித்து லண்டனிலிருந்து திரும்பி வந்திருக்கிறான் என்றாள். அவன் போகும்போது அவளுக்கு எட்டு வயது. முகம் நினைவில் இல்லை. போட்டோவும் கிடையாது. அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“அவர் என் அண்ணன்தானான்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம்” என்றாள், கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே. “அண்ணன்தான்னு சொல்லிடுங்க. எனக்கு அது போதும்.”

நேற்று கிராண்யாவும் ஜார்லத்தும் எத்னாவின் அடுப்படியில் உட்கார்ந்து அந்த மனிதனோடு டீ குடித்தார்கள். அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அம்மா வளர்த்த பசுவின் பெயர், கணப்படுப்புக் கல்லில் இருந்த விரிசல், அப்பா எந்தக் காலை நொண்டுவார் என்பது வரைக்கும் சொன்னான். கடைசியில் கிராண்யா யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

“உங்க குடும்பப் பேரு ரொம்ப அபூர்வமா இருக்கே. அதுக்கு என்ன அர்த்தம்?”

அவன் கண்கூட இமைக்கவில்லை. “நீந்தும் வேட்டைநாயின் மகன்.”

எத்னா கையிலிருந்த கெட்டிலை அப்படியே கீழே வைத்துவிட்டு அழுதாள். “அப்பா ராத்திரியில எனக்குச் சொல்ற கதை அது! பேரு நீந்துற நாய், எனக்கோ தண்ணில இறங்கினா கல்லு மாதிரி முழுகத்தான் தெரியும்!” என்று அழுகையோடு சிரித்தாள். அவனும் சிரித்தான்.

அந்தப் பதில் சரிதானா என்று உறுதி செய்துகொள்ளத்தான் இப்போது ஃபாதர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அயர்லாந்தின் பழைய கேலிக் மொழியில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அறுபது தாண்டியவர், குதிரைப் பந்தயமும் பழம்பெயர்களும் என்றால் உயிரையே கொடுப்பவர். வேகவைத்த முட்டையின் தலையைத் தட்டி உடைத்தபடி பேசினார்.

“கூன்னா வேட்டைநாய். ஸ்னாவ்னா நீச்சல். அந்தக் காலத்துல வீரனுக்கு ‘நாய்’னு பேரு வைக்கிறது பெரிய பட்டம்.”

“இப்போ அப்படிக் கூப்பிட்டா பல்லு போயிடும் ஃபாதர்.”

“எனக்கு ஏன்பா போகணும்? நானும் அந்த ஜாதிதான். மக்னிஃப்னா கறுப்பு நாயோட மகன்.” முட்டையில் உப்புத் தூவினார். “கூ ஸ்னாவா, நீந்துற நாய், அப்படின்னு ஒரு ஆள் இருந்திருக்கான். அவன் வம்சம் மக் கொன்நாவா. வாய்க்கு வாய் தேய்ஞ்சு கின்னாவ் ஆச்சு. ஆனா இங்கிலீஷ்காரன் காதுல அது வேற மாதிரி விழுந்துச்சு. கியான்னா தலை, ஆன்னா ஆத்தைக் கடக்குற துறை. ‘ஓஹோ, துறைத்தலையா?’ன்னு, துறைக்கு இங்கிலீஷ்ல உள்ள ஃபோர்டுங்கிற பேரையே பாதிப் பேருக்கு எழுதிட்டான்.”

“அப்ப நம்ம காரும் அவங்க சொந்தக்காரங்கதான் பாஸ்” என்றான் ஜார்லத், ஜன்னல் வழியே வெளியே நின்ற பழைய ஃபோர்டைக் காட்டி.

“எழுதினவனை ஏன் சொல்லணும்? சொந்த வீட்டுக்காரனே அப்படித்தான் நம்பினான்” என்று ஃபாதர் குலுங்கிச் சிரித்தார். “எத்னாவோட அப்பன் ஹியூகி லேசுப்பட்ட ஆளா? ‘துறைக்குத் தலைவன் வம்சம் நாங்க, எங்களைக் கேக்காம ஒரு படை ஆத்தைத் தாண்டினது கிடையாது’ன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிவான். அவன்கிட்ட போய், ‘இல்லப்பா ஹியூகி, நீ நாயோட மகன்’னு சொன்னேன். துடுப்பை ஓங்கிட்டான்! மகன் போன துக்கம் வேற. இந்த ஊருக்கு வந்து நான் வெச்ச முதல் பூசையே அந்தப் பையன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்னுதான். என்னோட ஒரு வருஷம் பேசலை. அப்புறம் ஒரு நாள் நடுரோட்டுல மறிச்சு, ‘ஃபாதர், அந்த நாய் நல்லா நீந்துமா?’ன்னான். அன்னிக்கோட கட்சி மாறிட்டான்.”

“ஆக, நாய்ங்கிறதுதான் சரி?” என்றாள் கிராண்யா.

“நூத்துக்கு நூறு. எத்னாகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவா. போன வெள்ளிக்கிழமைதான் நிலத்துல அண்ணன் பேரையும் சேர்த்தா. நான்தான் சாட்சிக் கையெழுத்து. ரெண்டுல ஒருத்தர் போனா முழுசும் மத்தவருக்கு. இன்னிக்கு அவனைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போய் அப்பா கல்லறையைக் காட்டப் போறதா சொன்னா. நவம்பர், செத்தவங்க ஆத்துமாவுக்கு வேண்டிக்கிற மாசமாச்சே.”

அவர்கள் கிளம்பினார்கள்.

காரை கிராண்யா ஓட்டினாள். ஜார்லத்துக்கு மனசு லேசாகிவிட்டது. “பாஸ், நம்ம தொழில்ல முதல் தடவையா ஒரு நல்ல சேதி சொல்லப்போறோம். வழக்கமா நாம வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே யாராவது ஒருத்தர் பின்வாசல் வழியா ஓடுவாங்க. இன்னிக்கு கேக் கிடைக்கும். பிளம் போட்ட கேக்கா, போடாத கேக்கா, அதுதான் மிச்சமிருக்கிற மர்மம்.”

கிராண்யா ரோட்டையே வெறித்தபடி ஓட்டினாள்.

“பாஸ்?”

கிராண்யா நடுரோட்டில் பிரேக்கை மிதித்தாள். ஜார்லத்தின் நெற்றி முன்கண்ணாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

“ஃபாதர் ஹியூகிகிட்ட நாய்க் கதையை எப்போ சொன்னார்?” என்றாள்.

“எப்போன்னா... இந்த ஊருக்கு வந்த பிறகு.”

“ஊருக்கு வந்து வெச்ச முதல் பூசை எதுக்கு?”

“பையன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்னு...” ஜார்லத் நிறுத்தினான். நாக்கில் ஊறிக்கொண்டிருந்த பிளம் கேக் ஆசை வறண்டுபோனது. “அப்போ ஃபாதர் வர்றதுக்கு முன்னாடியே ஃபெலிம் போயாச்சு.”

“அவன் இருந்த வரைக்கும் அந்த வீட்டுல நாயே கிடையாது. துறைதான். பதினேழு வருஷம் அப்பன் பீத்தினதைக் கேட்டு வளர்ந்தவன், முப்பது வருஷம் கழிச்சு என்ன சொல்லியிருக்கணும்?”

“துறைன்னு. தப்பா.”

“எத்னா சின்னப் பொண்ணு. அவளுக்கு நினைவு தெரிஞ்சு அப்பா சொன்னது நாய்க் கதை மட்டும்தான். அதான் அழுதா.” கிராண்யா காரைக் கண்மண் தெரியாமல் விரட்டினாள். “சரியா சொன்னான் பாரு ஜார்லத், அதான் தப்பு.”

போன வெள்ளிக்கிழமைக் கையெழுத்தும், இன்றைய தீவுப் பயணமும், தண்ணீரில் கல்லு மாதிரி முழுகுவேன் என்று எத்னா சிரித்த சிரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக ஜார்லத்தின் நினைவுக்கு வந்தன.

எத்னாவின் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அடுப்பின்மேல் கெட்டில் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. மேஜைமேல் துணி போட்டு மூடிய கேக் ஒன்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கிராண்யா பின்வாசலைத் திறந்தாள். சரிவின் அடியில் படகுத்துறை தெரிந்தது. படகு இல்லை.

ஏரிமேல் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. காற்று தண்ணீரைச் சுருக்கம் சுருக்கமாக அடித்தது. வெகுதூரத்தில், தீவுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு படகு. அதில் இரண்டு உருவங்கள். ஒன்று பின்பலகையில் முதுகு குனிந்து உட்கார்ந்திருந்தது. துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த மற்றது துடுப்பை நிறுத்திவிட்டது.

ஜார்லத் ஓடினான். துறையோரம் குளிர்காலத்துக்காகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகைப் பிடித்துப் புரட்டினான். துடுப்பு இல்லை. அடிப்பலகையில் கைமுட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை.

“விடு அதை!” கிராண்யா மேலிருந்து கத்தினாள். “நீ போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடும்! காரைத் துறைக்குக் கொண்டு வா, ஹெட்லைட்டை நேரா படகு மேல அடி! ஹாரன்ல இருந்து கையை எடுக்காதே!”

“ஹாரனா? அதைக் கேட்டு அவன் ஒதுங்கி வழிவிடுவானா பாஸ்?”

“படகு கவுந்துது, தங்கச்சி போயிட்டான்னு அழுது காட்டணும்னா யாரும் பார்த்திருக்கக் கூடாது. பார்க்குறோம்னு தெரியட்டும். சாட்சி இருந்தா விபத்துக்கு வேற பேரு!”

கார் சரிவில் குதித்துக் குதித்து இறங்கியது. இரண்டு விளக்குகளும் தண்ணீரின்மேல் நீண்டு விழுந்தன. ஜார்லத் உள்ளங்கையை ஹாரன்மேல் வைத்து முழு எடையையும் கொடுத்தான். ஏரி முழுக்க அந்த அலறல் பரவி, எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

படகில் அந்த மனிதன் எழுந்து நின்றிருந்தான். கையில் துடுப்பு. அதை அவன் பிடித்திருந்த விதம் படகு வலிக்கிற விதமாக இல்லை.

மேட்டிலிருந்த வீடுகளில் ஒன்றின் கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. ஏப்ரனில் கை துடைத்தபடி ஒரு பெண் வந்தாள். போஸ்ட் ஆபீஸ் நடத்தும் கிழவர் வாசலில் நின்று, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கூவினார். “போலீஸைக் கூப்பிடுங்க!” என்று கிராண்யா திருப்பிக் கூவினாள். பக்கத்துப் பண்ணை லூக் கில்ஹூலி வைக்கோல் அள்ளும் இரும்பு முள்ளும் கையுமாக வேலி தாண்டி ஓடிவந்தார். எல்லோரும் துறையில் வரிசையாக நின்றார்கள். கிராண்யா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி மெல்ல அசைத்தாள், ரயிலில் வரும் உறவுக்காரருக்கு அடையாளம் காட்டுவதுபோல.

ஜார்லத் ஹாரனை விடாமல் பார்த்தான். உள்ளங்கை மரத்துப்போனது.

அந்த உருவம் கரையைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. பிறகு உட்கார்ந்தது. துடுப்புகள் தண்ணீரில் இறங்கின. படகின் மூக்கு கரைப்பக்கம் திரும்பியது.

“கையை எடுத்துடு” என்றாள் கிராண்யா.

படகு துறையைத் தொட்டதும் அவன்தான் முதலில் பேசினான். நல்ல உயரம், நரைத்த தலை, முழங்கால்வரை தொங்கும் பழைய கம்பளிக் கோட்டு. “என்னங்க இது கூத்து? ஹாரன் மாட்டிக்கிச்சா? காத்து அதிகமா இருக்கு, இடம் மாத்தி உட்காரலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள ஊரையே கூட்டிட்டீங்க!”

எத்னா கரையேறினாள். முகம் வெளுத்திருந்தது. எதிரில் துடுப்போடு நின்றவனை அவளும் பார்த்திருந்தாள். ஆனாலும், “இடம் மாத்தத்தான்...” என்று அவனுக்காகச் சொல்லப் பார்த்தாள். முடிக்க முடியவில்லை.

“உங்க பேருக்கு நீங்க சொன்ன அர்த்தத்தை ஃபாதர்கிட்ட கேட்டுட்டு வந்தோம்” என்றாள் கிராண்யா.

“தப்பா?”

“சரி. ரொம்பச் சரி. தப்பா சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்.”

அவன் புருவம் சுருங்கியது. கிராண்யா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “உங்கள்ல யாராவது ஃபெலிமோட ஸ்கூல்ல படிச்சவங்க உண்டா?”

“நான்தான்” என்றார் லூக் கில்ஹூலி. “ஒரே பெஞ்சு. ஆனா இவன் வந்ததுலேருந்து ரோட்டுல பார்த்தா தலையாட்டிட்டுப் போறான், அவ்வளவுதான். லண்டன் திமிருன்னு விட்டுட்டேன்.”

“ஸ்கூல்ல ஃபெலிமுக்குப் பட்டப்பேரு உண்டா?”

“பின்ன? ஊருக்கே தெரியுமே...”

“இருங்க. நீங்க சொல்லாதீங்க.” கிராண்யா அந்த மனிதன் பக்கம் திரும்பினாள். “இவர் சொல்லட்டும்.”

அவன் லூக்கைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். “அட, முப்பது வருஷம் ஆச்சு லூக். எத்தனையோ பேரு வெச்சுக் கூப்பிட்டீங்க...”

“ஒண்ணுதான் வெச்சோம்” என்றார் லூக்.

எத்னா ஓர் அடி முன்னால் வந்தாள். “சொல்லுங்கண்ணா” என்றாள். கெஞ்சினாள். “சொல்லிடுங்க.”

அவன் அவளைப் பார்த்தான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். “நாய்” என்றான், கடைசி நம்பிக்கையாக.

லூக் காறித் துப்பினார். “‘துறை’. ‘டேய் துறை, இங்க வாடா’ன்னுதான் கூப்பிடுவோம். அவங்கப்பன் பீத்தல் தாங்காம வெச்ச பேரு.”

ஜார்லத் எத்னாவுக்குத் தோளைக் கொடுத்தான். அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

“எங்கண்ணன் எங்கே?” என்றாள்.

அவன் ஓடப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் வைக்கோல் முள், மறுபக்கம் ஏரி. படகு கட்டும் கல்லின்மேல் உட்கார்ந்தான். “என் பேரு டெனி ஹார்க்கின். லண்டன்ல நாங்க ஒரே ரூம். ஒரே இடத்துல கட்டட வேலை. குடிச்சா அவன் இந்த வீட்டைப் பத்தித்தான் பேசுவான். பசு, அடுப்பு, அப்பாவோட நொண்டிக் காலு... அவனை விட எனக்கு இது நல்லாத் தெரியும். பேருக்கு அர்த்தம் மட்டும் சொன்னதில்லை. வர்றதுக்கு முன்னாடி லைப்ரரியில பார்த்துக்கிட்டேன்.”

“எங்கே அவன்?”

“ஒரு சுவர் சரிஞ்சுது. நான் தள்ளலை. சத்தியமா தள்ளலை. அப்போ லிவர்பூல் கத்திக்குத்து ஒண்ணுல போலீஸ் என்னைத் தேடிக்கிட்டிருந்தது. என் அடையாள அட்டையை எடுத்து அவன் சட்டைப்பையில வெச்சேன். செத்தவன் நானாயிட்டேன். மிச்சமிருந்தவன் ஃபெலிம் ஆயிட்டான். இந்த ஏரிக்கரை நிலத்துக்கு ஹோட்டல்காரங்க அலையறாங்கன்னு கேள்விப்பட்ட பிறகுதான் இங்க வர்ற எண்ணமே...”

“அத்தனை நினைப்பு இருந்தவன் ஏன் வரலை?”

டெனி ஹார்க்கின் முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். “அப்பா கூப்பிடட்டும்னு காத்துக்கிட்டிருந்தான்.”

எத்னா கண்ணை மூடித் திறந்தாள். அப்பா எத்தனை மாலை இந்தத் துறையில் ரோட்டைப் பார்த்தபடி நின்றிருப்பார் என்று அவளுக்குத்தான் தெரியும். அதை அவனிடம் சொல்லவில்லை.

“எங்க புதைச்சிருக்கு?”

அவன் கிழக்கு லண்டனில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னான்.

“கல்லுல என்ன பேரு?”

“என் பேரு” என்றான்.

“கோட்டைக் கழட்டு” என்றாள் எத்னா. “அது எங்கப்பாவோடது.”

அவன் கழட்டினான். வெறும் சட்டையோடு அந்தக் காற்றில் நின்றான். அவள் கோட்டை வாங்கி மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டாள்.

போலீஸ் கார் மேட்டில் வந்து நின்றது. அதன் பின்சீட்டிலிருந்து ஃபாதர் மக்னிஃப் மூச்சிரைக்க இறங்கினார். போஸ்ட் ஆபீஸ் கிழவர் அவருக்கும் போன் போட்டிருந்தார். நடந்ததை கிராண்யா நாலு வாக்கியத்தில் சொன்னாள். ஃபாதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்கள் ஹார்க்கினை மேட்டுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“கேஸ் முடிஞ்சுதும்மா” என்று கிராண்யா எத்னாவிடம் மெதுவாகச் சொன்னாள். “நீங்க கேட்ட பதிலை என்னால கொடுக்க முடியலை.”

“அண்ணன் எங்கே இருக்கான்னு சொல்லிட்டீங்க. முப்பது வருஷமா அது யாருக்கும் தெரியாது.” அவள் ஜார்லத்தைப் பார்த்தாள். “லண்டனுக்கு இங்கேருந்து எப்படிப் போறது தம்பி? நான் ஸ்லைகோவைத் தாண்டினது இல்லை.”

ஜார்லத் நாக்கின் நுனியில் எப்போதும் ஒரு கேலி காத்துக்கொண்டிருக்கும். இப்போது இல்லை. “டப்ளின் வரைக்கும் ரயில், அப்புறம் கப்பல்” என்றான். “நான் கூட வர்றேன்க்கா.”

ஃபாதர் தொண்டையைச் செருமினார். “எத்னா, அந்தக் கல்லுல நம்ம பழைய எழுத்துலேயே போடலாம்மா. மக் கொன்நாவா. முழுப் பேரு. நானே எழுத்துக்கூட்டித் தர்றேன். என்னால அதாவது முடியும்.”

“வேண்டாம் ஃபாதர். ‘ஃபெலிம் கின்னாவ்’னு போடுவேன். அதுக்குக் கீழே ‘துறைக்குத் தலைவன்’.”

“அது தப்பான அர்த்தமாச்சேம்மா.”

“தெரியும் ஃபாதர்” என்றாள் எத்னா. “அவனுக்குத் தெரியாதே.”